துருப்பிடிக்காத பாத்திரத்தில் துரு வருவது ஏன்?



நோன்பு நெருங்கும்போது பரணில் இருக்கும் பெரிய பாத்திரங்கள் கீழே இறங்கும். கஞ்சி வாங்கி வரத் தூக்குவாளி, இஃப்தாருக்குத் தட்டுகள், பெருநாளைக்குப் பெரிய சட்டி, விருந்தாளிகள் வந்தால் சஹன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். போன வருடம் பளபளவென்று கழுவி ஏற்றிய பாத்திரத்தின் அடியில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். விளிம்பில் செந்நிறக் கோடு ஓடியிருக்கும். "எவர்சில்வர் என்று சொல்லிக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று முடிவு கட்டிவிடுவோம்.

சில நேரம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தோம், எவ்வளவு நேரம் ஊறவிட்டோம், எப்படிக் காயவைத்தோம் என்பதுதான் ஒரு பாத்திரம் 5 வருடம் உழைக்குமா, 30 வருடம் உழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. பள்ளிவாசல் கஞ்சி அண்டா, ஜமாஅத்தின் வலீமா பாத்திரங்கள் போன்ற பொதுப் பொருட்களுக்கும் இது பொருந்தும். அவற்றை உபயோகிப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஆகவே இது செலவு மிச்சம் பிடிக்கும் விஷயம் மட்டுமல்ல, உடல்நலம் சம்பந்தப்பட்டதும்கூட.

தானே ஈயம் பூசிக்கொள்ளும் பாத்திரம்

முந்தைய தலைமுறையில் சமையல் பெரும்பாலும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் நடந்தது. அவற்றின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பூச்சு தேய்ந்துவிட்டால் புளியும் எலுமிச்சையும் செம்பைத் தின்று பச்சைக் களிம்பு ஏறும். அதில் சமைத்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும். அதனால் தெருவில் ஈயம் பூசுபவர் குரல் கேட்டதும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பிரியாணி சமைக்கும் செம்புத் தேக்சாக்களுக்கு இன்றும் ஈயம் பூசும் வழக்கம் இருக்கிறது.

எவர்சில்வருக்கும் அப்படி ஒரு பூச்சு உண்டு. ஆனால் அதை யாரும் வந்து பூச வேண்டியதில்லை, பாத்திரம் தானே பூசிக்கொள்ளும்.

எவர்சில்வர் என்பது இரும்புடன் குரோமியம் என்ற உலோகத்தைக் கலந்து செய்யும் உருக்கு. குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் அதற்குத் துருப்பிடிக்காத உருக்கு என்று பெயர். வீட்டுக்கு வாங்கும் நல்ல பாத்திரங்களில் 18 சதவீதம் வரை இருக்கும். இந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பாத்திரத்தின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக வைத்தால், அதில் சில பங்கு கனம்தான் அந்தப் படலம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. உள்ளே இருக்கும் இரும்பை ஈரமும் காற்றும் தொடாமல் காப்பது அதுதான்.

அதில் கீறல் விழுந்தால் என்ன ஆகும்? இடம் சுத்தமாக இருந்து காற்றும் பட்டால் படலம் உடனே மறுபடி படிந்துவிடும். இந்த ஒரு குணத்தால்தான் எவர்சில்வர் மற்றப் பாத்திரங்களைவிட நீடித்து உழைக்கிறது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழலுக்குச் சீக்கிரம் தேயாத உருக்கைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தார். குரோமியம் கலந்த உருக்கை அமிலம் எளிதில் அரிப்பதில்லை என்று அப்போதுதான் அவர் கவனித்தார். துப்பாக்கிக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி கடைசியில் சாப்பாட்டு மேசைக் கத்திக்குத்தான் முதலில் பயன்பட்டது.

இங்கே ஒன்றை மனதில் பதித்துக்கொள்வோம்: படலம் மறுபடி படியச் சுத்தமும் காற்றும் வேண்டும். காய்ந்த கஞ்சிக்கு அடியிலும், உப்புக் கறைக்கு அடியிலும், ஒன்றுக்குள் ஒன்றாக ஈரத்தோடு செருகிய தட்டுகளுக்கு இடையிலும் காற்றுப் புகாது. துரு முதலில் அந்த இடங்களில்தான் தொடங்கும். இனி வரும் எல்லா யோசனைகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன.

பாத்திரத்தின் நான்கு எதிரிகள்

முதலாவது உப்பு. உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தைத் துளைத்து ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். பச்சைத் தண்ணீரில் உப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினால், கரையாத உப்பு அடியில் படிந்து அந்த இடத்தை அரிக்கத் தொடங்கும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறுங்கள். ஊறுகாய், உப்புக்கண்டம், கருவாடு இவற்றை எவர்சில்வர் டப்பாவில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். அவற்றுக்குக் கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடிதான் சரி. புளியானத்தையும் தால்சாவையும் எவர்சில்வரில் தாராளமாகச் சமைக்கலாம். மீந்ததை அதே சட்டியில் இரண்டு நாள் வைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. அதனால்தான் அங்கே எவர்சில்வர் அடுப்பிலும் ஜன்னல் கம்பியிலும் பழுப்புக் கறை சீக்கிரம் படிகிறது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளில், பாத்திரத்தைக் கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசித் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும். கரி போகவில்லை, மஞ்சள் கறை போகவில்லை என்று சிலர் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறார்கள். ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த ஆசிட் கறையோடு சேர்த்துப் படலத்தையும் அதற்கு அடியிலுள்ள உலோகத்தையும் கரைத்துவிடும். அடுத்த மாதமே பாத்திரம் மங்கிப் புள்ளி விழும். ப்ளீச்சிங் கலந்த தண்ணீரில் இரவு முழுவதும் பாத்திரத்தை ஊறப்போடுவதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ப்ளீச்சிங்கும் ஆசிட்டும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். ப்ளீச்சிங்குடன் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தாலும் அது உண்டாகும். கண் எரியும், நெஞ்சு அடைக்கும். கதவு சாத்திய சிறிய சமையலறையில் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டையும் ஒருபோதும் ஒரே இடத்தில் உபயோகிக்காதீர்கள். தவறிக் கலந்துவிட்டால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் சகோதரியின் கையில் ஆசிட் புட்டியைக் கொடுக்கும் வழக்கம் இருந்தால், அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவருடைய கையும் மூச்சும் நம் பாத்திரத்தைவிடப் பெரியவை.

மூன்றாவது கம்பி நார். சாதாரண இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் பாத்திரத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் துருப்பிடிப்பது பாத்திரம் அல்ல, ஒட்டியிருக்கும் அந்த இரும்புத் துகள்தான். அதைச் சும்மா விட்டால் துரு பாத்திரத்துக்கும் இறங்கும். சுருள் சுருளாக இருக்கும் எவர்சில்வர் நார் துருப்பிடிக்காது என்றாலும் ஆழமாகக் கீறும். அந்தக் கீறல்களில் எண்ணெயும் அழுக்கும் தங்கும்.

கம்பி நாரால் மனிதருக்கு வரும் கேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய நாரிலிருந்து மெல்லிய கம்பித் துண்டுகள் உடைந்து பாத்திரத்தில் தங்கிவிடும். கஞ்சி போன்ற கொழகொழப்பான உணவில் அது கண்ணுக்குத் தெரியாது. பசியோடு நோன்பு திறப்பவர் அதை மடக்கென்று விழுங்கிவிட்டால் தொண்டையிலோ குடலிலோ குத்தி நிற்கும். இப்படிப்பட்ட கம்பித் துண்டுகளை அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியும் வந்திருக்கிறது. தேங்காய் நார், பீர்க்கங்காய் நார், பச்சை நிற நைலான் ஸ்க்ரப்பர் இவை போதும். கம்பி நாரைச் சமையல் பாத்திரத்தின் உட்புறத்தில் தொடவே வேண்டாம்.

நான்காவது ஈரம். கழுவிய தட்டுகளைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அடுக்கிப் பரணில் ஏற்றிவிட்டால், தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். ஈரமான இரும்புத் தோசைக்கல்லையோ அரிவாள்மனையையோ எவர்சில்வர் தட்டின் மேல் வைத்தாலும் அச்சுப் போட்டதுபோலத் துரு இறங்கிவிடும்.

அன்றாடம் கழுவும் முறை

பாத்திரம் கழுவுவதில் முக்கால் பங்கு வேலை, சாப்பிட்டு முடித்த 10 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மீந்ததை வழித்து எடுத்துவிட்டு, பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தாலே பாதிக் கறை இளகிவிடும். ஸஹர் சட்டியை மறுநாள் அஸர் வரை காயவிட்டால்தான் கம்பி நாரைத் தேடவேண்டி வருகிறது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சூடான சட்டியைக் குழாயடியில் நீட்டிக் குளிர்ந்த தண்ணீர் விடாதீர்கள். அடித்தகடு நெளிந்துவிடும், பிறகு அடுப்பில் ஆடிக்கொண்டே இருக்கும்.

கழுவும் வரிசை இதுதான். முதலில் டம்ளரும் தட்டும், பிறகு கரண்டிகள், கடைசியில் எண்ணெய்ச் சட்டி. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை அளவாகக் கலந்து, மென்மையான நாரால் தேய்க்க வேண்டும். பாத்திரத்தின் மேல் மெல்லிய கோடுகள் ஓடினால், அந்தக் கோடு போகும் திசையிலேயே தேய்த்தால் கீறல் தெரியாது. சோப்பு முழுவதும் போகும்வரை அலச வேண்டும். பிறகு துணியால் துடைக்க வேண்டும், அல்லது காற்றுப் படும்படி சாய்த்துக் கவிழ்க்க வேண்டும். தரையோடு ஒட்டிக் கவிழ்த்தால் உள்ளே காற்றுப் போகாது.

அடுப்புச் சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கிய காலத்தில் அது நன்றாகவே எண்ணெயை எடுத்தது. சாம்பலுக்குக் காரத்தன்மை உண்டு என்பதே காரணம். நன்றாகச் சலித்த சாம்பலால் பெரிய கெடுதல் இல்லை. செங்கல் பொடியும் மணலும் அப்படியல்ல. இரண்டும் பாத்திரத்தைக் கீறிவிடும்.

தேய்க்கும் நாரையும் கவனியுங்கள். எப்போதும் ஈரமாகவே கிடக்கும் ஸ்பாஞ்சில் கிருமிகள் பெருகும். தினமும் பிழிந்து வெயிலில் காயவைத்து, நாற்றம் வந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

எந்தக் கறைக்கு என்ன செய்வது

அடிப்பிடித்தல்: எவர்சில்வர் சூட்டைச் சீராகப் பரப்பாது. செம்பு சூட்டைக் கடத்தும் திறனில் ஏறத்தாழ 25-ல் ஒரு பங்குதான் இதற்கு உண்டு. தீ படும் இடம் மட்டும் கொதித்து, கஞ்சியிலுள்ள அரிசியும் பருப்பும் அங்கே ஒட்டிக்கொள்ளும். அதனால் மிதமான தீயும் இடைவிடாத கிளறலும் தேவை. பிடித்துவிட்டால் சுரண்ட வேண்டாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு மரக்கரண்டியால் தள்ளினால் பெயர்ந்து வரும். மிச்சம் இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சோடா பட்டால் அலுமினியம் கறுத்துவிடும்.

வெள்ளைப் படிவம்: கெட்டிலிலும் வெந்நீர்ச் சட்டியிலும் படியும் இந்த வெள்ளைப் பொருள் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. புளிப்பு இதைக் கரைக்கும். 3 பங்கு தண்ணீரில் 1 பங்கு வினிகர் சேர்த்துக் கொதிக்கவைத்து, அரைமணி நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும்கூட இதே வேலையைச் செய்யும்.

நீலமும் மஞ்சளும் கலந்த வானவில் நிறம்: வெறும் சட்டியை அதிகச் சூட்டில் வைத்தால் இது வரும். நாம் முன்பு சொன்ன படலம் சூட்டில் கொஞ்சம் தடித்துவிட்டதன் அடையாளம் அது. சாப்பாட்டுக்குக் கெடுதல் இல்லை. வேண்டாம் என்றால் வினிகரில் நனைத்த துணியால் துடைத்து உடனே அலசிவிடலாம்.

டீக்கறை: பிளாஸ்க்கிலும் டீ வடிகட்டியிலும் படியும் பழுப்புக் கறைக்குச் சூடான தண்ணீரும் ஒரு கரண்டி சோடாவும் போதும். ஒருமணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள்.

துருப்புள்ளி: சோடாவில் சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, புள்ளியின் மேல் தடவி, மென்மையான துணியால் தேயுங்கள். போகாவிட்டால் எலுமிச்சைச் சாற்றைச் சில நிமிடம் விட்டுத் தேயுங்கள். புள்ளி போன பிறகு நன்றாக அலசித் துடைத்துக் காயவைத்தால் அந்த இடத்தில் படலம் மறுபடி படிந்துவிடும்.

எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. செம்புக்கும் பித்தளைக்கும் அது பொருத்தமான வைத்தியம்தான். எவர்சில்வருக்கு அதே வைத்தியம் கூடாது. உப்பும் புளிப்பும் சேர்ந்து அதை அரிக்கும். செப்பு அடி போட்ட எவர்சில்வர் சட்டியானால் அடியை மட்டும் அப்படித் தேய்த்து, மேலே வழியாமல் உடனே கழுவிவிடுங்கள்.

குக்கர், கத்தி, அடுப்பு, தூக்குவாளி

குக்கரைக் கழுவும்போது பாத்திரத்தைப் பளபளப்பாக்கிவிட்டு மூடியை ஒப்புக்கு அலசுகிறோம். கவனிக்க வேண்டியதோ மூடியைத்தான். வெயிட் உட்காரும் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் பருப்புத் தோலோ கஞ்சியோ அடைத்திருக்கிறது என்று பொருள். அதை எடுக்காமல் அடுப்பில் வைக்கக் கூடாது. கேஸ்கட்டைக் கழற்றித் தனியே கழுவிக் காயவையுங்கள். விறைத்தாலோ வெடிப்பு விழுந்தாலோ மாற்றுங்கள். சேஃப்டி வால்வு பழுதானால் அந்தக் கம்பெனியின் வால்வையே வாங்கிப் போடுங்கள்.

கத்திக்கு உபயோகிக்கும் உருக்கு வேறு. கூர் நிற்க வேண்டும் என்பதற்காக அதில் கார்பன் அதிகமாகவும் குரோமியம் குறைவாகவும், ஏறத்தாழ 13 சதவீத அளவில், இருக்கும். ஆகவே சட்டியைவிடக் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். குர்பானி நாட்களில் இதை நினைவில் வையுங்கள். இரத்தம் பட்ட கத்தியையும் தட்டையும் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

அடுப்பின் மேல்தகட்டில் குழம்போ பாலோ பொங்கி வழிந்தால், அணைத்து ஆறியதும் துடைத்துவிடுங்கள். ஸிங்க்கில் மீன் கழுவிய தண்ணீரையும் கருவாடு ஊறிய தண்ணீரையும் தேங்கவிடாமல் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள்.

தூக்குவாளியில் துரு முதலில் வரும் இடம் கைப்பிடி மாட்டும் காது. சில வாளிகளில் கைப்பிடிக் கம்பி வெறும் இரும்பாகவே இருக்கும். அடுத்தது சுருட்டி மடித்த விளிம்பு. சஹனிலும் பெரிய தாம்பாளத்திலும் இந்த மடிப்புக்குள் தண்ணீர் தங்கும். கழுவியதும் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தட்டிவிட்டு, சற்று நேரம் வெயிலில் வைத்தால் போதும்.

பொதுப் பாத்திரங்கள்

பள்ளிவாசலிலும் ஜமாஅத்திலும் இருக்கும் அண்டாக்களும் சஹன்களும் பெரும்பாலும் யாரோ ஒருவர் தம் பெற்றோர் பெயரில் வாங்கிக் கொடுத்தவை. அந்தப் பாத்திரத்தில் சமைத்த கடைசிக் கஞ்சி வரை அவர்களுக்கு நன்மை சேரட்டும் என்பதே கொடுத்தவரின் எண்ணம். நம் கைக்கு அது அமானத்தாக வருகிறது. வீட்டுப் பாத்திரத்தை ஒருவர் கழுவுவார், பொதுப் பாத்திரத்தை "வேறு யாராவது கழுவுவார்கள்" என்று விட்டுவிடுவோம். அது சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் அதுதான்.

கஞ்சி வினியோகம் முடிந்ததும் அண்டாவில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால், மஃக்ரிபுக்குப் பிறகு கழுவ வரும் இளைஞர்களுக்கு வேலை பாதியாகும். தொழுகையையும் நோன்பு திறப்பதையும் முடித்துக்கொண்டு வந்து, அன்றிரவே கழுவிவிட வேண்டும். மறுநாள் காலை வரை விடக் கூடாது. சுரண்டுவதற்கு மண்வெட்டித் தகடும் கம்பி நாரும் வேண்டாம். மரத் துடுப்பும் நீளக் கைப்பிடியுள்ள நைலான் பிரஷ்ஷும் வாங்கி வையுங்கள். கிருமி போக வேண்டும் என்று ப்ளீச்சிங் போடுவதைவிட, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு கொதிக்கும் தண்ணீரால் ஒருமுறை கழுவுவது பாத்திரத்துக்கும் நல்லது, சாப்பிடுபவருக்கும் நல்லது.

வலீமாவுக்கும் மற்ற விசேஷங்களுக்கும் பொதுப் பாத்திரத்தை வாங்கிச் செல்லும் குடும்பங்கள் மூன்று விஷயங்களைச் செய்தால் போதும். வாங்கும்போதே எண்ணிக்கையையும் ஏற்கெனவே இருக்கும் சேதத்தையும் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். மீந்த சோற்றோடு இரவு முழுவதும் வைக்காமல் அன்றே கழுவிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஈரமில்லாமல் கொடுங்கள். பாத்திர அறையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைக்க வேண்டியிருந்தால் இடையில் ஒரு துணியையோ காகிதத்தையோ வைக்கலாம். அறைக்கு ஜன்னல் இருந்தால் அவ்வப்போது திறந்துவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சமையல் பாத்திரத்துக்கு 304 என்ற தரம் நல்லது. 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் இருப்பதால் அதை 18/8 என்றும் சொல்வார்கள். விலை குறைந்த பாத்திரங்கள் பல 200 வரிசையைச் சேர்ந்தவை. அவற்றில் விலை அதிகமான நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். தட்டுக்கும் டம்ளருக்கும் அது பரவாயில்லை. உப்பும் புளியும் கொதிக்கும் சட்டிக்கு அது 304 அளவுக்கு ஈடுகொடுக்காது.

காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கும் பழக்கம் உண்டு. காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் நிக்கல் இல்லாத வகை என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒட்டாவிட்டால் அது 304-தான் என்று முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. இன்டக்ஷன் அடுப்புக்கான சட்டியில் காந்தம் ஒட்டும் தகட்டை வேண்டுமென்றே அடியில் வைப்பார்கள். ஆகவே காந்தத்தை மட்டும் நம்பாமல், பாத்திரத்தில் பொறித்த தர எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 14756. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024-ல் பிறப்பித்தது. பில் கேட்டு வாங்குங்கள். அடி கனமாக இருந்தால் அடிப்பிடிப்பதும் குறையும்.

புதுப் பாத்திரத்தை வாங்கியதும் ஒட்டுத்தாளை முழுவதும் எடுத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். மெருகு போட்ட கறுப்பு மை விளிம்பில் ஒட்டியிருக்கும். துணியில் கறுப்பு வராத வரை துடைத்த பிறகே சமையலுக்கு எடுங்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் புதுப் பாத்திரத்தில் தக்காளி, புளி சேர்ந்த சமையலை நெடுநேரம் கொதிக்கவிடாமல் இருப்பது நல்லது. முதல் சில சமையல்களில்தான் நிக்கல் அதிகமாக இறங்கும், பிறகு குறைந்துவிடும்.

எப்போது விட்டுவிடுவது?

மேலே உள்ள கீறலும் நிறமாற்றமும் பாத்திரத்தைத் தூக்கிப் போடக் காரணமல்ல. ஆனால் விரலால் தடவினால் சொரசொரவென்று குழிகள் தட்டுப்பட்டால், தேய்த்த பிறகும் அதே இடத்தில் துரு திரும்பத் திரும்ப வந்தால், ஒட்டு விட்டு இடைவெளி தெரிந்தால், அதைச் சமையலிலிருந்து விலக்கிவிடுங்கள். குழிக்குள் தங்கும் அழுக்கு எந்தச் சோப்புக்கும் வராது. கைப்பிடி ஆடும் பெரிய சட்டியை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள். கொதிக்கும் ஆனத்தோடு அது கழன்றால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் மேல்தான் விழும். விலக்கிய பாத்திரத்தை எடைக்குப் போடலாம். எவர்சில்வரை உருக்கி மறுபடி எவர்சில்வராகவே ஆக்க முடியும் என்பதால் பழைய இரும்பைவிட நல்ல விலை கிடைக்கும்.

இந்த வாரம் பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கும்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு, காது, அடி மூன்றையும் தடவிப் பாருங்கள். சமையலறையில் கிடக்கும் பழைய கம்பி நாரைக் குப்பையில் போட்டுவிட்டு, ஆசிட் புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். பள்ளிவாசல் அண்டாவைப் பார்க்க இரண்டு பேர் முன்வந்தால், முதல் நோன்புக்கு முன்பே அந்த வேலையும் முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.